உப்புக்காற்றில் ஓர் ஆம்னி

சிறிய வேன் ஒன்றை வாங்கி, தன் விருப்பப்படி இழைத்து, கார் பிரியர்கள் கூடும் காட்சிகளுக்குக் கொண்டுபோவது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பல பத்தாண்டுகளாக இருந்துவரும் பொழுதுபோக்கு. தமிழ்நாட்டில் அதற்கு வாய்த்த வண்டி மாருதி ஆம்னி. தெருவுக்கு ஒன்று நிற்கும். உதிரிபாகம் மலிவாகக் கிடைக்கும். எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார். ஆனால் தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊரில் இந்த ஆசைக்கு இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று உப்பு, மற்றொன்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. இரண்டையும் அறிந்துகொண்டு இறங்கினால்தான் செலவழித்த பணத்துக்கு வண்டி மிஞ்சும்.

மாருதி உத்யோக் நிறுவனம் 1981-ல் தொடங்கப்பட்டது. 1983 டிசம்பரில் மாருதி 800 காரும், மறு ஆண்டு 1984-ல் வேனும் வந்தன. அப்போது அதற்கு 'மாருதி வேன்' என்றே பெயர். 1988-ல்தான் 'ஆம்னி' ஆயிற்று. சுஸுகி நிறுவனம் ஜப்பானில் 'கேரி' என்று விற்றுவந்த குட்டி வேன் இதன் மூலம். எஞ்சின் மாருதி 800-ல் இருந்த அதே 796 சி.சி., மூன்று சிலிண்டர். அது முன்பக்கம் இல்லாமல் முன் சீட்டுகளுக்கு அடியில் இருக்கும். சீட்டைத் தூக்கித்தான் ஆயில் அளவைப் பார்க்க வேண்டும். உந்துவது பின் சக்கரங்களை. நீளம் 3.37 மீட்டர், எடை 800 கிலோவுக்கும் கீழே, திறன் சுமார் 35 குதிரை. மூக்கே இல்லாத இந்த அமைப்பினால், அம்பாசடரைவிட ஏறக்குறைய ஒரு மீட்டர் குட்டையான வண்டிக்குள் எட்டு சீட் போட முடிந்தது. இரு பக்கமும் இழுத்துத் திறக்கும் கதவு வேறு. சந்தில் நிறுத்தினாலும் ஆள் இறங்கலாம், சரக்கை இறக்கலாம்.

அதனால் அது செய்யாத வேலை இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றியது, பத்திரிகைக் கட்டு சுமந்தது, ஆம்புலன்ஸ் ஆனது, கல்யாண வீட்டுக்குச் சமையல் சாமான் கொண்டுபோனது. ஆளைக் கடத்துவதென்றால் ஆம்னிதான் என்று தமிழ் சினிமா முடிவு கட்டி, கதாநாயகியை அதன் கதவு வழியே எத்தனையோ முறை இழுத்துப் போட்டது. தூத்துக்குடிப் பக்கம் ஏலக் கூடத்திலிருந்து மீன் பெட்டி ஏற்றியதும் இதே வண்டிதான். பின்னால் இவ்வகை வண்டிகளின் தரை ஏன் முதலில் ஓட்டையாகிறது என்பதற்கு அந்த மீன் பெட்டியிலிருந்து வடிந்த ஐஸ் தண்ணீரே விளக்கம். புதிய மோதல் பாதுகாப்பு விதிகளுக்கு ஈடு கொடுக்க முடியாமல் 2019-ல் ஆம்னி உற்பத்தி நின்றது. அதன் இடத்தை 2010-லேயே வந்துவிட்ட ஈக்கோ பிடித்துக்கொண்டது.

ஆம்னிக்கு உலகம் முழுக்கச் சொந்தக்காரர்கள் உண்டு. இதே தலைமுறைக் கேரி பாகிஸ்தானில் 'போலான்' என்ற பெயரில் 2024 வரை உற்பத்தியானது. அடுத்த தலைமுறைக் கேரியை இங்கிலாந்தின் லூட்டன் ஆலையில் 1986 முதல் 1993 வரை 'பெட்ஃபோர்டு ராஸ்கல்' என்று செய்து விற்றார்கள். அதன் மேல் படுக்கையும் அடுப்பும் பொருத்திய 'பாம்பி' என்ற வகையும் வந்தது. இரண்டு பேர் முடங்கிப் படுக்கும் அந்தக் குட்டி வீட்டுக்கு இன்றும் அங்கே ரசிகர்கள் இருக்கிறார்கள்.

வேன் மீதான இந்த மோகத்துக்கு முன்னோடி ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன். பென் போன் என்ற டச்சு இறக்குமதியாளர் 1947-ல் ஒரு குறிப்பேட்டில் கிறுக்கிய பெட்டி வடிவப் படத்திலிருந்து பிறந்து, 1950-ல் ஆலையை விட்டு வெளியே வந்த வண்டி அது. அறுபதுகளில் ஊர் சுற்றும் இளைஞர்கள் அதற்குள் குடியேறிவிட்டார்கள். எழுபதுகளில் அமெரிக்காவில் ஃபோர்டு, டாட்ஜ், ஷெவர்லே வேன்களின் பக்கவாட்டில் மலையும் நிலவும் டிராகனும் வரைந்து, உள்ளே வெல்வெட்டும் கம்பளமும் ஒட்டும் பழக்கம் பெரும் அலையாக எழுந்தது. 1973-ல் கொலராடோ மாநிலத்தில் வேன்காரர்களின் முதல் தேசியக் கூடுகை நடந்தது. ஜப்பானில் கதை வேறு. அங்கே 'கெய்' என்னும் குட்டி வண்டிப் பிரிவுக்கு நீளம் 3.4 மீட்டர், எஞ்சின் 660 சி.சி. என்று எல்லை உண்டு. அந்த அளவுக்குள் எவ்வளவு கற்பனை செய்யலாம் என்பதே அங்கே போட்டி. 1983-ல் தொடங்கிய டோக்கியோ ஆட்டோ சலோன் கண்காட்சி அத்தகைய மாற்றி அமைத்த வண்டிகளுக்கென்றே புகழ் பெற்றது. ஆம்னி நீளத்தில் அந்தப் பிரிவுக்குள் அடங்கிவிடும்; எஞ்சினில்தான் மிஞ்சும்.

மன்னார் வளைகுடாவின் மறுகரையிலோ கட்டாயமே கலையாயிற்று. இலங்கை 2020-ல் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பிப்ரவரியில். இடைப்பட்ட ஆண்டுகளில் 'டொல்பின்' என்று அங்கே அழைக்கப்படும் பழைய டொயோட்டா ஹைஏஸ் வேன்களைத் தட்டி நிமிர்த்தி, புதுச் சாயம் பூசி ஓட்டுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

இனி உப்பு. தூத்துக்குடிக் காற்றில் கடல் மட்டும் இல்லை, உப்பளமும் இருக்கிறது. வடக்கே வேப்பலோடை, தெற்கே முத்தையாபுரம், இன்னும் கீழே ஆறுமுகநேரி என்று பாத்தி பாத்தியாக உப்பு விளையும் பூமி. வாடையும் கொண்டலும் வீசும் காலத்தில் கடலின் சாரம் நேராக ஊருக்குள் வருகிறது. மற்ற மாதங்களில் உப்பு லாரிகள் உதிர்க்கும் தூள் சாலையோரம் படிகிறது. பின்னால் வரும் வண்டிகளின் அடிவயிற்றில் அது போய் ஒட்டுகிறது.

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் போதும். உப்பு செய்வது வேகத்தைக் கூட்டும் வேலை. உப்பு கரைந்த நீரில் மின்னோட்டம் எளிதாகப் பாய்வதால், இரும்பின் ஓரிடம் அரிபட்டு இன்னோரிடத்தில் துருவாகப் படியும் வேதிவினை விரைவாக நடக்கிறது. சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் தானே நீரை உறிஞ்சிக் கசிய ஆரம்பிக்கும். கடல் உப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடோ 33 சதவீத ஈரப்பதத்திலேயே கசியும். அதாவது, மழையே பெய்யாத கோடையில், நிழலில் நிறுத்தி வைத்த வேனின் தகட்டு மடிப்புக்குள் படிந்த உப்பு எப்போதும் ஈரமாகத்தான் இருக்கிறது. வெயில் ஊர்தானே, வண்டிக்கு என்ன ஆகிவிடும் என்று உள்நாட்டுக்காரர் நினைப்பது இங்கே எடுபடாது. துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால் மேலே பூசிய பெயின்டைக் கொப்புளமாகத் தூக்கும். கொப்புளம் வெளியே தெரியும்போது உள்ளே தகடு பெரும்பாலும் போய்விட்டிருக்கும்.

ஆம்னியில் துரு முதலில் பிடிக்கும் இடங்களைப் பட்டறைக்காரர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். இழுவைக் கதவின் கீழ்த் தண்டவாளம் ஒன்று. அதில் மணலும் உப்பும் சேர்ந்து, மழைநீர் வடிய வழியில்லாமல் தேங்கும். கால் வைக்கும் தரையில் ரப்பர் மேட்டிங்குக்கு அடியில் ஈரம் நிற்கும். பின் சக்கரத்துக்கு மேலுள்ள வளைவில், இரண்டு தகடுகளை ஒட்டவைத்து வெல்டு செய்த விளிம்பு உள்ளிருந்து அரிக்கும். கூரையின் ஓரத்து மழைக் கால்வாயும் முன் கண்ணாடியின் ரப்பருக்கு அடிப்பகுதியும் தப்புவதில்லை.

பழைய ஆம்னி வாங்கப் போகிறவர் சட்டைப் பையில் ஒரு சிறு காந்தத்தை, ஒரு துண்டுத் துணியில் சுற்றி எடுத்துப் போவது நல்லது. கதவின் கீழ் விளிம்பு ஓரமாக அதைத் தடவிக்கொண்டே வர வேண்டும். நல்ல தகட்டில் 'டக்'கென்று ஒட்டும். பட்டி பூசி மறைத்த இடத்தில் வழுக்கி விழும். பட்டி என்பது பள்ளத்தை நிரப்பும் பசை. மெல்லிய ஏட்டளவு பூசினால் குற்றமில்லை. ஆனால் துருப்பிடித்த ஓட்டைமேல் செய்தித்தாளை ஒட்டி, அதன்மேல் விரல் தடிமனுக்குப் பட்டி அப்பி, மினுமினுவென்று பெயின்ட் அடித்து விற்கும் வண்டிகளும் சந்தையில் உண்டு. காந்தம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். எஞ்சின் கெட்டிருந்தால் மாற்றலாம். உதிரிபாகம் சென்னை புதுப்பேட்டை வரை தேடினால் கிடைக்கும். தரைத்தளம் கெட்ட ஆம்னியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுவதே புத்திசாலித்தனம்.

வேலையின் வரிசை முக்கியம். பலர் அலாய் வீலிலும் ஸ்டீரியோவிலும் ஆரம்பித்து, கடைசியில் துருவுக்கு வருவார்கள். அப்போது கையில் காசு இருக்காது. முதலில் சீட், மேட்டிங், கதவு அட்டை, விளக்கு, கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி வண்டியை வெறும் ஓடாக்க வேண்டும். பிறகு நல்ல தண்ணீரில், அடிப்பாகம் உள்பட, பலமுறை கழுவ வேண்டும். உப்பை அகற்றாமல் அதன்மேல் பிரைமர் அடித்தால் எதிரியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டியது போல ஆகும். துருப்பிடித்த தகட்டை நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டியெடுத்து, அதே அளவுக்குப் புதுத் தகடு வெட்டி வெல்டு வைப்பார்கள். ஆம்னியின் தகடு மெல்லியது. அதனால் நீளமாக ஒரே இழுப்பில் பற்றவைக்காமல், புள்ளி புள்ளியாக வைத்து, ஆறவிட்டு, இடைவெளிகளை நிரப்புவதே முறை. இல்லாவிட்டால் சூட்டில் பக்கத் தகடு அலையலையாக நெளிந்துவிடும். அந்த நெளிவைக் கண்காட்சியில் பார்க்கிறவர் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பார்.

அதன் பிறகு எபாக்ஸி பிரைமர். விசைப்படகுகளின் எஃகு உடலுக்கும் இந்த வகைப் பூச்சையே பயன்படுத்துகிறார்கள் என்பதால், மீன்பிடித் துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஊருக்கு இது அந்நியமல்ல. அதன்மேல் மெல்லிய பட்டி, உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்ப்பு, மறு பிரைமர், மறுபடி தேய்ப்பு, கடைசியில் நிறம். பழைய 'டூகோ' பூச்சு சீக்கிரம் காயும், விலையும் குறைவு. ஆனால் உப்புக்காற்றில் நிறம் மங்கிவிடும். பெயின்டோடு உறைவூக்கி கலந்து அடிக்கும் 'டூ-கே' வகை அதிகம் தாங்கும். எதை அடித்தாலும் மழை மாதத்தில், அதுவும் கடல் காற்று ஈரமாக வீசும் மாலையில், திறந்த கொட்டகையில் அடிக்கக் கூடாது. ஈரம் பூச்சுக்குள் சிக்கினால் மேற்பரப்பு வெளுத்துப் பனி பூத்துவிடும். கடைசியாக, கதவுக்குள்ளும் தகட்டு மடிப்புகளுக்குள்ளும் மெழுகுக் கரைசலைப் பீய்ச்சுவது. வெளியே தெரியாத வேலை என்பதால் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். கடற்கரை வண்டியின் ஆயுளைக் கூட்டுவதில் இதற்கு இணையான செலவு வேறில்லை.

பம்பர், முன் உதடு, கூரை அலமாரி முதலியவற்றை ஃபைபரில் செய்பவர்கள் உண்டு. கண்ணாடி இழைப் பாயை அச்சில் விரித்து, ரெசின் தடவி, உருளையால் காற்றுக் குமிழியை ஓட்டி, காயவைத்துக் கழற்றும் முறை அது. இதே பொருளில், இதே முறையில்தான் இன்றைய ஃபைபர் வள்ளங்கள் தயாராகின்றன. துருப்பிடிக்காத பொருள் என்பதால் இந்தக் கரைக்கு ஏற்றது. ஆனால் எங்கே எதைப் பொருத்தலாம் என்பதைச் சட்டம் தீர்மானிக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 52-ஆம் பிரிவு 2000-ல் திருத்தப்பட்டு இறுக்கமானது. உற்பத்தியாளர் குறித்துக் கொடுத்த விவரமும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரமும் வேறுபடும்படி வண்டியில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்பது அதன் சாரம். கேரளத்திலிருந்து போன வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9-ல் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம் தண்டனையையும் சேர்த்தது: இப்படி மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும்.

நடைமுறையில் இதன் பொருள், வெட்டிக் கூரை உயர்த்துவது, சேஸிஸை நீட்டுவது, சரக்கு ஆம்னியைப் பயணிகள் ஆம்னியாக்குவது, ஆர்.சி.யில் உள்ள இருக்கை எண்ணிக்கையைத் தானே மாற்றிக்கொள்வது எல்லாம் ஆகாது. அதே வகை எஞ்சினை மாற்றுவது, அங்கீகரித்த எல்.பி.ஜி. அல்லது சி.என்.ஜி. கருவி பொருத்துவது, மாற்றுத்திறனாளி ஓட்டுவதற்கேற்பத் திருத்துவது போன்றவற்றுக்கு அனுமதி பெற்றுச் செய்ய வழி உண்டு. வீட்டு சமையல் சிலிண்டரைப் பின் சீட்டுக்கடியில் ஒளித்து ஆம்னி ஓட்டிய ஒரு காலம் தமிழ்நாட்டில் இருந்தது. அது உயிரோடு விளையாடிய விளையாட்டு, அதை யாரும் மறுபடி தொடங்க வேண்டாம். நிறத்தை மாற்றலாம், ஆனால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் பதிந்துகொள்ள வேண்டும். கறுப்பு ஃபிலிமை உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரலில் தடை செய்தது. முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதம், பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதம் ஒளி ஊடுருவ வேண்டும் என்பது விதி. பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புக் குழாய்ச் சட்டத்துக்கு எதிராக மத்திய அரசு 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. ராகம் பாடும் ஏர் ஹார்னும், உறுமும் சைலென்சரும் தப்பு என்று சொல்லத் தேவையில்லை. செய்த மாற்றத்தை இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லாமல் விட்டால், விபத்து நேரத்தில் இழப்பீடு மறுக்கப்படவும் கூடும்.

இவ்வளவு தடைகளுக்குப் பிறகு என்ன மிஞ்சுகிறது என்று தோன்றும். மிஞ்சுவது வண்டியின் உட்புறமும் மேற்பூச்சும். ஒரு கைதேர்ந்த ஆளுக்கு அது தாராளம்.

ஆம்னியின் உட்புறம் பிறப்பிலேயே மொட்டை. கூரைத் தகட்டின் வெப்பம் நேராகத் தலையில் இறங்கும், ஆலையிலிருந்து ஏ.சி. வந்ததில்லை. எனவே கூரைக்கும் கதவுகளுக்கும் உள்ளே வெப்பத் தடுப்பு ஒட்டுவது முதல் வேலை. அது சத்தத்தையும் குறைக்கும். அதன்மேல் ரெக்சினோ துணியோ போர்த்துவது வழக்கம். பத்தமடைப் பாயைக் கூரை உள்விரிப்பாகப் பொருத்தினால் இந்த மண்ணின் அடையாளம் வரும். கோரை லேசானது, வியர்க்காது, தொட்டால் சுடாது. ஆனால் அதை ஒட்டும் பசை வெயிலில் இளகாததாக இருக்க வேண்டும். மணப்பாட்டில் பெண்கள் பின்னும் பனையோலைப் பெட்டிகள், சீட்டுக்குப் பின்னால் சாமான் வைக்கத் தோதானவை. எடை இல்லை, துருவும் இல்லை. எடையைப் பற்றி இங்கே விடாமல் பேசக் காரணம் உண்டு. 35 குதிரைத் திறனில் ஓடும் வண்டிக்குள் கனத்த பிளைவுட் அலமாரியும் பெரிய ஸ்பீக்கர் பெட்டியும் ஏற்றினால், கோவில்பட்டி தாண்டுவதற்குள் எஞ்சின் முனக ஆரம்பித்துவிடும். அந்தச் சூடு நேரே ஓட்டுநரின் சீட்டுக்குத்தான் ஏறும். பின் அச்சைத் தாங்கும் பட்டை விற்களும் தாழ்ந்துவிடும்.

படுக்கை வேண்டுமென்றால், வண்டியோடு வெல்டு வைக்காமல், சாமான் போல ஏற்றி இறக்கக்கூடிய மடிப்புப் பலகையாகச் செய்வதே பாதுகாப்பு. சீட் தன் இடத்தில் இருக்க வேண்டும். சமையலும் படுக்கையும் நிரந்தரமாகப் பொருத்திய வண்டி 'மோட்டார் கேரவன்' என்ற தனி வகை, அதற்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தரநிலை இருக்கிறது. தனியொருவர் பட்டறையில் வைத்து அதை நிறைவேற்றுவது கடினம்.

பூச்சில் கற்பனைக்குக் குறைவில்லை. எண்பதுகளின் மாருதி வேன்கள் வெள்ளை, சிவப்பு, நீலம் என்று ஒற்றை நிறத்தில் வந்தவை. இடுப்புக்கு மேல் வெள்ளை, கீழே கடல்நீலம் என்று இரட்டை நிறம் அடித்தால், ஆம்னியின் தட்டையான முகத்துக்கு ஃபோக்ஸ்வாகன் சாயல் வந்துவிடும். ஜப்பானியர் கேரியை வைத்துச் செய்வதும் ஏறக்குறைய இதுவே. பின்பக்கம் 'பனிமய மாதா துணை', 'முத்தாரம்மன் துணை', 'செந்திலாண்டவர் துணை' என்று எழுதுவது இந்தக் கரையின் வழக்கம். அதை வெட்டி ஒட்டும் ஸ்டிக்கரில் போடாமல், தூரிகை பிடிக்கும் ஓவியர் கையால் எழுதவைத்தால் வண்டியின் மதிப்பே வேறு. கணினி ஸ்டிக்கர் வந்தபின் அந்தக் கைகள் அரிதாகிவிட்டன. இருக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். முன் கண்ணாடியில் மட்டும் எதுவும் வேண்டாம்.

வண்டியை அலங்கரித்து ஊரறியக் காட்டும் பழக்கம் இந்த மாவட்டத்துக்குப் புதிதில்லை. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசரா நாட்களில், காளி வேடமும் குறத்தி வேடமும் குரங்கு வேடமும் போட்ட பக்தர்கள் ஊர் ஊராகக் குழு சேர்ந்து, வேனிலும் லோடு ஆட்டோவிலும் சீரியல் பல்பும் மேளமுமாகக் கடற்கரைக்கு வந்து சேர்வார்கள். அந்த அலங்காரம் பத்து நாளில் கழன்றுவிடும்; வண்டி மறுநாள் சரக்கேற்றப் போகும். கார் காட்சிக்குப் போகிற வேனோ வருஷம் முழுக்க அப்படியே இருந்தாக வேண்டும் என்பதால்தான் அதற்குத் துருவும் சட்டமும் பெரிய விஷயம்.

தமிழ்நாட்டில் கார் பிரியர்களின் கூட்டங்கள் சென்னையையும் கோவையையும் சுற்றியே நடக்கின்றன. மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் பழைய கார்களின் அணிவகுப்புகளை நடத்திவருகிறது. கோவையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தினரின் கார் அருங்காட்சியகம் 2015-ல் திறக்கப்பட்டது. சென்னை வடபழனியில் ஏவிஎம் ஸ்டுடியோ வளாகத்தில், பழைய கார்களும் உள்ள பாரம்பரிய அருங்காட்சியகம் 2023-ல் திறந்தது. இவற்றைப் போய்ப் பார்ப்பதே ஒரு படிப்பு. அணிவகுப்புகளில் கண்ணைப் பறிப்பவை பழைய ஆஸ்டினும் மோரிஸும், சென்னையில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டும், ஃபியட்டும் அம்பாசடரும். பழைய வாகனங்களுக்கான பன்னாட்டு அமைப்பான ஃபிவா, குறைந்தது 30 வயது ஆன, மூல நிலைக்கு உண்மையாகப் பராமரித்த, அன்றாடப் போக்குவரத்துக்கு உபயோகிக்காத வண்டியையே வரலாற்று வாகனம் என்று ஏற்கிறது. அந்தக் கணக்கில் எண்பதுகளின் மாருதி வேன் இப்போதே வயதுக்கு வந்துவிட்டது. தன் விருப்பப்படி இழைத்த வண்டிக்கு அந்தப் பிரிவில் இடமில்லை. அதற்கு உரியது மாற்றி அமைத்த வண்டிகளின் வரிசை. எந்த வரிசையில் நிற்கப்போகிறோம் என்பதை முதல் ஸ்க்ரூவைக் கழற்றும் முன்பே தீர்மானிப்பது நல்லது. பாதிக்குப் பாதி என்று செய்த வண்டி இரண்டு பக்கமும் மதிப்பெண் இழக்கும்.

நடுவர்களும் விஷயம் தெரிந்த பார்வையாளர்களும் முதலில் பார்ப்பது கதவின் இடைவெளியை. இழுவைக் கதவை மூடினால் மேலும் கீழும் ஒரே சீரான கோடு தெரிய வேண்டும். பழைய ஆம்னியில் உருளை தேய்ந்து கதவு பின்பக்கம் தொங்கிவிடும். அதன்பின் பக்கத் தகட்டில் ஒரு குழல் விளக்கின் பிம்பத்தை ஓடவிட்டுப் பார்ப்பார்கள். பிம்பம் நெளிந்தால் பட்டி வேலை சரியில்லை. குனிந்து அடிப்பாகத்தைப் பார்ப்பவரும் உண்டு. முன் சீட்டைத் தூக்கச் சொல்லி எஞ்சினைப் பார்ப்பவரும் உண்டு. வண்டிக்குப் பக்கத்தில் ஒரு சிறு அட்டை, தமிழிலேயே: எந்த ஆண்டு வண்டி, முன்பு என்ன வேலை பார்த்தது, எதையெல்லாம் மாற்றியது, எதை மாற்றாமல் விட்டது. ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல்கள் கைவசம் இருக்கட்டும். இரு பக்கக் கதவையும் பின் கதவையும் திறந்து வைத்தால் ஆம்னி முழுக்கத் தெரியும். பெரும்பாலான கார்களுக்கு இந்த வசதி இல்லை. காட்சி முடிந்து தூத்துக்குடி திரும்பிய அன்றே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும்.

இனி வயதுக் கணக்கு. தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுக்கு. அதன்பின் தகுதிச் சோதனை செய்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் காருக்கு 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது; 20 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2025-ல் 10,000 ஆனது. எண்பதுகள், தொண்ணூறுகளின் ஆம்னியை வைத்திருப்பவர் இதையும் செலவில் சேர்த்தே எண்ண வேண்டும். இன்னொரு பக்கம், 2021 ஜூலையில் வந்த விதி 50 வயது கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளை 'விண்டேஜ்' என்று பதியவைத்து, எண் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகளைத் தருகிறது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். அதைப் பெற்ற வண்டி கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் போகலாம், அன்றாடம் ஓட்ட முடியாது. மூல வடிவில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. முதல் மாருதி வேன்கள் 50 வயதைத் தொடுவது 2034-ல். கடைசியாக 2019-ல் ஆலையை விட்டு வந்த ஆம்னிகள் தங்கள் முதல் 15 ஆண்டுப் பதிவை முடிப்பதும் அதே 2034-ல்.